முறுக்கு நமத்தால், பிஸ்கட் பரந்தால்: தீபாவளி அடுப்படியில் ஒரு பழுதுபார்ப்பு

தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. இரவு பதினொன்றரைக்கு என் சின்னம்மா மகளிடமிருந்து குரல் செய்தி. "அக்கா, முறுக்கு நமத்துப்போச்சுக்கா. அடுத்த ஈட்டுக்குப் பட்டரைக் கூட்டணுமா, குறைக்கணுமா?"

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "ஆறினதும் ஒன்னு ஒடிச்சுப் பார்த்தியே, அப்ப எப்படி இருந்துச்சு?"

"அப்ப நல்லா மொறுமொறுன்னுதான் இருந்துச்சு."

அப்படியானால் மாவில் ஒரு குறையும் இல்லை. பட்டர் மேல் பழி போட வேண்டியதில்லை. சுட்டதைப் பெரிய தாம்பாளத்தில் கொட்டி, துணி காயும் மூங்கில் கழிகளுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போயிருக்கிறாள். வெளியே மழை. மூன்று மணி நேரம் முறுக்கு மழைக்காற்றைக் குடித்திருக்கிறது.

பலகாரம் கெடுவது மூன்று இடங்களில்: பிசையும்போது, வேகும்போது, டப்பாவுக்குள். எந்த இடம் என்று தெரிவதற்கு முன்னால் மாவில் கை வைத்தால் நன்றாக இருந்ததும் கெட்டுப்போகும். அப்புறம், ஒரு ஈட்டுக்கு ஒரு மாற்றம்தான். மாவையும் கூட்டி, தீயையும் குறைத்து, எண்ணெயையும் மாற்றினால் எது காப்பாற்றியது என்று அடுத்த வருஷம் யாருக்கும் நினைவிருக்காது.

இந்த ஊருக்கென்று ஒரு சங்கடமும் உண்டு. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடிகாலையில் 90ஐத் தாண்டும். மழை இல்லாத பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். தீபாவளி வருகிற அக்டோபர், நவம்பர் இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம் என்பதால் மத்தியானம் ஆனால் இடியும் மழையும்தான். குளிர்நாட்டுக் குறிப்பு "அறை வெப்பத்தில் உள்ள வெண்ணெய்" என்று சொன்னால் எழுதியவரின் அறை 20 டிகிரி. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு அடுப்படி, கேக் வேகவைக்கிற அவனும் (oven) அடுப்பும் எரியும்போது, 30ஐத் தாண்டியிருக்கும். ஊரிலிருந்து அத்தை சொல்லும் குறிப்போ மொட்டை மாடி வெயிலை நம்பி நிற்கும். நமக்கு இருப்பது பன்னிரண்டாம் மாடித் தாழ்வாரம்.

முறுக்கு அச்சிலிருந்து இறங்கும்போதே ஒடிகிறது

மாவில் நெல்லிக்காய் அளவு எடுத்து உருட்டி, உள்ளங்கையில் வைத்து அழுத்துங்கள். ஓரம் விரிசல் விட்டால் தண்ணீர் போதவில்லை. கையை நனைத்து நனைத்துப் பிசைந்தால் போதும், ஊற்ற வேண்டாம். ஓரம் மழுமழுவென்று இருந்தும் எண்ணெயில் போட்டவுடன் உதிர்ந்து அடியில் தங்கினால் வெண்ணெய் கூடிவிட்டது; ஒரு பிடி அரிசி மாவு சேர்த்துப் பிசையுங்கள். என் அளவு 400 கிராம் அரிசி மாவு, வறுத்து அரைத்துச் சலித்த உளுத்தமாவு 100 கிராம், வெண்ணெய் 50 கிராம். இதற்கு மேல் வெண்ணெய் போட்டு "வாயில் கரையும் முறுக்கு" செய்யப்போய் எண்ணெயில் கரைந்ததுதான் மிச்சம்.

கடையில் மாவு வாங்கும்போது எழுத்தைப் படித்து வாங்குங்கள். தாய்லாந்து மாவுப் பாக்கெட்டுகளில் சாதா அரிசி மாவும் பசை அரிசி மாவும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், எழுத்தின் நிறம்தான் வேறு. அவசரத்தில் ஒரு தடவை பசை அரிசி மாவை அள்ளி வந்துவிட்டேன். மாவு அச்சிலேயே ஒட்டிக்கொண்டது. பிழிந்ததும் எண்ணெயில் உப்பி, ஆறினதும் ரப்பர் மாதிரி இழுத்தது. பிள்ளைகள் மட்டும் சந்தோஷமாகத் தின்றார்கள்.

கடித்தால் பல் போகிறது

கொழுப்பு குறைவு, இல்லையென்றால் குறைந்த தீயில் நெடுநேரம் கிடந்திருக்கிறது. மிச்ச மாவில் நன்றாகக் காய்ந்த எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றி, கரண்டியால் கிளறி, சூடு தணிந்ததும் பிசையுங்கள். சுட்டுவிட்டதைத் திருத்த வழியில்லை. உரலில் இடித்து மிக்சரில் கலந்துவிடலாம்.

எண்ணெய் குடிக்கிறது

பத்தில் எட்டுத் தடவை எண்ணெய் காயவில்லை என்பதுதான் காரணம். 170 முதல் 180 டிகிரி வேண்டும். வெப்பமானி இல்லையா? மிளகளவு மாவைக் கிள்ளிப் போடுங்கள். அடியில் தயங்கி மெல்ல எழுந்தால் இன்னும் காயவில்லை. விழுந்ததும் எழுந்து நுரைத்தால் சரி. எழுந்த கணமே பழுப்பானால் தீயைக் குறையுங்கள். சின்ன வாணலியில் ஆறு முறுக்கைத் திணித்தாலும் சூடு இறங்கி எண்ணெய் குடிக்கும். நம் அடுப்பில் மூன்று போதும். நேரம் ஆகத்தான் ஆகும், ஒரு பக்கம் கோப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

சிவந்து போகிறது

ஒரே நிறத்தில் எல்லாமே சிவந்தால் தீ அதிகம். முதல் ஈடு பொன்னிறம், நாலாவது ஈடு செங்கல் என்றால் மாவு காத்திருந்து கெட்டது. மொத்தத்தையும் ஒரே தடவையில் பிசைந்து வைக்காதீர்கள். உலர் மாவைக் கலந்து வைத்துக்கொண்டு இரண்டு ஈட்டுக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது பிசையுங்கள். தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைந்த முறுக்கு எப்படியும் கொஞ்சம் கூடுதலாகச் சிவக்கும். சுவை அபாரம்தான், ஆனால் சீக்கிரம் காறல் வாடை வந்துவிடும். அதைக் கடைசி இரண்டு நாளில் சுடுங்கள்.

எண்ணெயில் வெடிக்கிறது

இது மட்டும் விளையாட்டில்லை. உள்ளே மாட்டிய நீராவி வெளியேற வழியில்லாமல் வெடிக்கிறது. உளுத்தமாவில் கட்டி, கழுவிக் காயாத எள், அச்சுக்குள் காற்று இடைவெளி என எதுவாகவும் இருக்கலாம். சலியுங்கள், எள்ளை வெறும் வாணலியில் வாட்டுங்கள், அச்சில் மாவை இறுக அழுத்தி நிரப்புங்கள். சீடை என்றால் உருட்டும்போது அழுத்தி உருட்டவே கூடாது, ஒவ்வொன்றையும் ஊசியால் குத்திவிட்டுப் போடுங்கள். எண்ணெயில் தீப்பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து, மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடி, அடங்காவிட்டால் வெளியே வந்து 995ஐ அழையுங்கள்.

நமத்துப்போகிறது

என் தங்கையிடம் கேட்ட கேள்விதான். ஆறினதும் ஒன்றை ஒடியுங்கள். நடுவில் மெத்தென்று இருந்தால் சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள். எண்ணெயின் சலசலப்பு அடங்கி, குமிழ் ஒன்றிரண்டாகக் குறைந்த பிறகே ஜல்லிக்கரண்டியைப் போட வேண்டும். நிறம் வந்துவிட்டது என்று பயந்து எடுப்பவர்கள் தீயைக் குறைத்துச் சுட்டுப் பழக வேண்டும். அப்போது மொறுமொறுப்பாக இருந்து மறுநாள் நமத்தால் காற்றுதான் குற்றவாளி.

ஆறவைக்க நான் படுக்கையறையைப் பயன்படுத்துகிறேன். சிரிக்காதீர்கள். ஏர்கான் காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துவிடுகிறது, அந்தத் தண்ணீர்தான் வெளியே குழாயில் சொட்டுகிறது. கட்டிலில் பழைய விரிப்பு, அதன் மேல் கம்பித் தட்டு, அதில் முறுக்கு. கை வைத்துப் பார்த்துத் துளிச் சூடும் இல்லை என்றானதும் டப்பாவில் போட்டு மூடுகிறேன். வெதுவெதுப்போடு மூடினால் மூடியின் உள்பக்கம் வியர்க்கும், அந்த வியர்வை முறுக்கில் இறங்கும்.

பெரிய டின் ஒன்றில் எல்லாவற்றையும் கொட்டி வைப்பதும் தப்பு. விருந்தாளி வரும்போதெல்லாம் திறந்தால் ஒவ்வொரு தடவையும் ஊர்க் காற்று உள்ளே போகும். சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் புட்டிகள் சும்மா வரவில்லை. சின்னச் சின்னதாகப் பிரித்து, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா போட்டு, ஒன்று முடிந்த பிறகு அடுத்ததைத் திறக்கலாம்.

நமத்ததைத் தேற்றலாம். அவனை 150 டிகிரிக்குச் சூடாக்கி 8 நிமிடம் வைத்து, வெளியே எடுத்து முழுக்க ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது இன்னும் மெத்தென்றே இருக்கும், ஆறும்போதுதான் திரும்ப முறுகும். பொறுமை இல்லாமல் இன்னொரு 8 நிமிடம் வைத்தால் கருகிவிடும்.

நெய் பிஸ்கட் பரந்து அப்பளம் ஆகிறது

சூஜி பிஸ்கட் என்று நாம் கூப்பிடுகிற இந்த வெள்ளை உருண்டையில் பெரும்பாலும் ரவை இருக்காது. மைதா, நெய், பொடித்த சர்க்கரை, கொஞ்சம் சோடா. பொருள் நாலுதான் என்பதால் தவறு ஒளிந்துகொள்ள இடமில்லை.

பரந்தால் முதலில் நெய்யைப் பாருங்கள். ஊற்றுகிற பதத்தில் நெய்யைக் கலந்தால் மாவு எவ்வளவு கேட்கிறது என்றே தெரியாது. மணல் மணலாக உறைந்த நெய்யில் பிசைய வேண்டும். நம் அடுப்படியில் அது உறையாது. அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள். உருட்டிய தட்டையும் 20 நிமிடம் குளிரவிட்டு, சூடேறிய அவனில் நேராக வையுங்கள். அவன் சூடாகும் முன்னே தட்டை உள்ளே தள்ளினால் வேகத் தொடங்குவதற்குள் நெய் உருகி ஓடிவிடும்.

முதலில் இரண்டே இரண்டு உருண்டை மட்டும் வேகவைத்துப் பார்ப்பது என் வழக்கம். என் அத்தைக்கு இது பிடிக்காது, "ரெண்டு பிஸ்கட்டுக்குக் கரண்டு எரிக்கிறியே" என்பார். ஆனால் ஒரு தட்டு முழுக்கப் பரந்தால் போகிற நெய்யின் விலை கரண்டைவிட அதிகம். அந்த இரண்டும் பரந்தால் மிச்ச மாவில் மேசைக்கரண்டி மேசைக்கரண்டியாக மைதா சேருங்கள். பரக்காமல் உருண்டையாகவே நின்று, கையில் எடுத்தால் பொடிந்தால் மாவு கூடுதல். ஒரு தேக்கரண்டி நெய்.

மேலே லேசான விரிசல் வருவதுதான் அழகு, அதைக் குறை என்று நினைத்துத் திருத்தாதீர்கள். 160 டிகிரியில் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனதும் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். மேலே வெள்ளை, அடியில் வெளிர்பொன் என்றால் வெந்துவிட்டது. தொட்டால் மெத்தென்றிருக்கிறதே என்று மறுபடி உள்ளே வைத்தால் ஆறினதும் கல். தட்டிலேயே விடுங்கள், தானாக இறுகும்.

வெண்ணெய்க் கேக்கின் அடியில் கொழகொழவென்று ஒரு பட்டை

வெண்ணெயும் சர்க்கரையும் அடிக்கும்போது வெண்ணெய்க்குள் காற்றுக் குமிழ்களை நிறைக்கிறோம். அது பிடித்துக்கொள்ள வெண்ணெய் 18 முதல் 20 டிகிரியில் இருக்க வேண்டும். நம் மேசையில் ஒரு மணி நேரம் இருந்த வெண்ணெய் எண்ணெய் வழிந்து பளபளக்கும். அதை எவ்வளவு அடித்தாலும் குமிழ் நிற்காது, கேக் எழும்பாமல் அடியில் பட்டை விழும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் பளபளப்பு ஒட்டக் கூடாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் துண்டு போட்டால் இந்த ஊரில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

முட்டை சேர்க்கும்போது கலவை திரிந்தால் முட்டை சில்லென்று இருக்கிறது, அல்லது ஒரேயடியாகக் கொட்டிவிட்டீர்கள். ஒரு கரண்டி மைதா தூவி அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

மேலே எரிமலை மாதிரி வெடித்தால் சூடு அதிகம். மேசை மேல் வைக்கிற சின்ன அவன்களில் மேல்கம்பி கேக்கின் தலையை முட்டிக்கொண்டு இருக்கும். தட்டை ஒரு படி கீழே இறக்கி, அரை மணி நேரத்துக்குப் பிறகு மேலே தாள் மூடுங்கள். என் பழைய அவன் 170 என்று காட்டும்போது உள்ளே 190 இருந்தது. சில வெள்ளிக்கு (டாலருக்கு) ஓர் அவன் வெப்பமானி வாங்கி உள்ளே தொங்கவிட்ட பிறகுதான் அது தெரிந்தது. அதுவரை பழி எல்லாம் பேக்கிங் பவுடருக்கு.

நடு அமுங்கினால் பாதியில் கதவைத் திறந்திருக்கிறீர்கள், அல்லது வேகவே இல்லை. சூஜி கேக் வறவறவென்று மணலாக இருந்தால் ரவையை ஊறவைக்கவில்லை; வெண்ணெயோடு கலந்து சில மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க வைக்க வேண்டும். இந்தக் கேக்கை யுரேஷியர்கள், அதாவது ஐரோப்பிய ஆசியக் கலப்பு வம்சத்தினர், பாதாமும் பிராந்தியும் போட்டுச் செய்வார்கள். பிராந்தி வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், ஊறலை விடக் கூடாது.

அன்னாசி டார்ட்டில் பூஞ்சை

ஜாம் வற்றவில்லை. துருவிய அன்னாசியைப் பிழிந்து, சாறு வற்றும்வரை கிளறி, பிறகுதான் சர்க்கரை. கரண்டியால் நடுவே கோடு கிழித்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். ஆறினதும் கையில் ஒட்டாமல் உருள வேண்டும். ஈர ஜாம் வேகும்போது ஆவி விட்டு மாவை வெடிக்கவைக்கும், டப்பாவில் பூஞ்சை பிடிக்கும். ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியில் அன்னாசியை "ஓங் லாய்" என்பார்கள். நல்வாழ்வு வருகிறது என்பதுபோல ஒலிக்கும் என்பதால் சீனப் புத்தாண்டில் அதற்கு அத்தனை மவுசு. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற டப்பாவிலாவது பூஞ்சை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அச்சு முறுக்கு அச்சை விட மறுக்கிறது

அச்சு காயவில்லை, அல்லது மாவில் முழுக்க முங்கிவிட்டது. எண்ணெயிலேயே அச்சைக் கிடத்திச் சூடேற்றி, முக்கால் உயரம் மட்டும் தோய்க்க வேண்டும். மேல்விளிம்பு மூடிக்கொண்டால் கத்திதான் கதி. புது அச்சு என்றால் முதல் நாலைந்து எப்படியும் ஒட்டும், அதை அடுப்படியில் நிற்பவர்கள் தின்றுவிடலாம்.

அதிரசம் எண்ணெயில் பிரிகிறது

பாகு இளசு. வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டால் கையில் எடுத்து மெத்தென்று உருட்ட வர வேண்டும். கரைந்தால் இளசு, டங்கென்று சத்தம் கேட்டால் முற்றிவிட்டது. பிரிகிற மாவில் ஈர அரிசி மாவு கொஞ்சம் சேர்த்து ஒரு ராத்திரி வையுங்கள். முற்றியதில் கொஞ்சம் வெதுவெதுப்பான பால் தெளித்துப் பிசையலாம். பாக்கெட் மாவில் அதிரசம் செய்யாதீர்கள். ஊறவைத்து, துணியில் அரை மணி நேரம் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே அரைத்த மாவுதான் வேண்டும். இந்த ஒரு பலகாரத்துக்கு மட்டும் நம் ஊர் ஈரக்காற்று தோழன், மாவு சட்டென்று காய்ந்துவிடாது.

இரவுச் சாப்பாட்டுக் குழம்பில் தேங்காய்ப்பால் திரிகிறது

பலகாரத்தில் களைத்துப்போய் ராத்திரி மீன் குழம்பு வைக்கும்போது நடப்பது இது. புளியும் கொதியும் சேர்ந்தால் பால் திரியும். புளியும் மசாலாவும் பச்சை வாடை போகக் கொதித்த பிறகு இரண்டாம் பால், மீன் வெந்து தீயைத் தணித்த பிறகு முதல் பால். தேக்கா சந்தையில் அப்போதே பிழிந்து தருகிற பால் பெட்டிப் பாலைவிடச் சீக்கிரம் திரியும். சுவைக்குக் கொடுக்கிற விலை அது. திரிந்துவிட்டால் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிச் சிறுதீயில் கிளறுங்கள், முழுக்கச் சேராவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. 1949இல் கேரளாக்காரர் கோமஸ் இங்கே பரப்பிய மீன் தலைக் கறியும் புளிப்பும் காரமும் கலந்ததுதான். பால் ஊற்றாமல் வைத்தாலும் அது குறைவில்லை.

ஆட்டிறைச்சிக் குழம்பு நீர்த்துப் போனால் உறைந்த கறி தண்ணீர் விட்டிருக்கிறது. குளிர்பெட்டியில் முதல் நாளே உருகவிட்டு, வடித்து, வெங்காயம் வதங்கும் முன்னே தனியாகச் சுருள வதக்குங்கள்.

தீபாவளி காலைக்கு அரைத்த இட்லி மாவு புளித்துப் பொங்கி ஓடினால், ராத்திரி எட்டு மணிக்கு அரைத்து விடியும்வரை வெளியே வைத்திருப்பீர்கள். நம் சூட்டில் ஆறேழு மணி நேரம் போதும். தூங்கப்போகும்போது அரைத்து வையுங்கள், எழுந்ததும் சரியாக இருக்கும். ஏற்கெனவே புளித்ததை ஊத்தாப்பமாக்கிவிடலாம், இட்லிக்கு மல்லுக்கட்ட வேண்டாம்.

தேற்ற முடியாதவை

பரந்த பிஸ்கட்டைப் பொடித்து, உருக்கிய வெண்ணெய் கலந்து, தட்டில் அழுத்திக் குளிரவைத்தால் சீஸ் கேக்குக்கு நல்ல அடித்தளம். பட்டை விழுந்த கேக்கைத் துண்டு போட்டுக் கஸ்டர்டில் போடலாம். காறல் வாடை வந்ததையும் பூஞ்சை பிடித்ததையும் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள், மேல்பக்கம் சுரண்டிவிட்டுத் தின்பதெல்லாம் வேண்டாம். சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், உள்ளே உறைந்து குழாயை அடைக்கும். ஆறவிட்டுப் பழைய போத்தலில் நிரப்பி, மூடியைத் திருகி, குப்பைப் பையில் கட்டிப் போடுங்கள். என் தங்கையின் இரண்டு கிலோ முறுக்கு அவனுக்குள் போய் வந்து தேறிவிட்டது. தாம்பாளம் இப்போது படுக்கையறையில் இருக்கிறது.